பிலோமினா அக்கா ஜீப்புக்கு பூஸ்ட் ஏத்தின கதை

வேப்பூருக்கு ரெண்டு கிலோமீட்டர் இருக்கும்போது, ஒரு பரோட்டா கடை வாசலில், பிலோமினா அக்காவின் ஜீப்பு பானட்டுக்குள் 'டம்' என்று ஒரு சத்தம். கல்லில் பரோட்டா திருப்பிக்கொண்டிருந்தவர் கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலு பேர் இலையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். ஜீப்பு கரும்புகை கக்கிக்கொண்டே ஓரமாகப் போய் நின்றது. ஓட்டியது அக்கா. பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, அன்று காலைதான் அந்த வண்டியின் டர்போவில் கை வைத்த நான்.

விருத்தாசலத்தில் முப்பது வருஷமாக டீசல் இன்ஜின் வேலை பார்க்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். சிரிச்சுக்கிட்டே படிங்க, கோவிச்சுக்க மாட்டேன்.

அக்காவுக்கு பீங்கான் கம்பெனி. ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர் மாதிரி கரண்டு சாமான் செய்கிறார். மண்ணெடுக்கும் பள்ளத்திலிருந்து ஜீப்பில் டிரெயிலர் மாட்டி அவரே ஓட்டிக்கொண்டு வருவார். ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பு, மூணு வருஷத்துக்கு முன்னால் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முழு லோடோடு வந்தால் பள்ளத்து ஏற்றத்தில் பாதியில் நின்றுவிடும்; கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மண்ணை மேலே கொண்டுவர முடியும். அந்த வாரம் மேகம் கட்டிக்கொண்டே இருந்தது. ஒரு நல்ல மழை பெய்தால் பள்ளம் ரொம்பிவிடும். மண் வரவில்லை என்றால் வாடகைச் சூளையில் அக்காவின் முறை அடுத்த ஆளுக்குப் போய்விடும். அப்புறம் வேலைக்கு வரும் எட்டுப் பெண்களும் மழை முடியும் வரை வூட்டில் உட்கார வேண்டியதுதான்.

"தாமசு, டர்போவுல பூஸ்ட்ட ஏத்தினா மலையே ஏறும்னு வீடியோவுல பாத்தேன். ஏத்திக் குடு" என்று அக்கா என்னிடம் கேட்டார்.

முடியாது என்று சொல்லியிருக்கணும். ஆனால் எனக்கும் ரொம்ப நாளாகக் கை அரிப்பு.

விஷயம் இதுதான். டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் காத்தாடி. அளவுக்கு மேல் திணித்தால் இன்ஜின் தாங்காது. அந்தக் காற்றின் பிரஷர்தான் பூஸ்ட். அது ஒரு அளவைத் தொட்டதும் வேஸ்ட்கேட் என்ற கதவு திறந்து அதை அடக்கும். அந்தக் கதவைத் தள்ளுவது ஒரு சின்னக் குழாயில் வரும் காற்று. குழாயில் ஒரு பொடி ஓட்டை வைத்து கொஞ்சம் காற்றைக் கசியவிட்டால் கதவு லேட்டாகத் திறக்கும், பூஸ்ட் கூடும். ஓட்டை ஒரு மில்லிமீட்டர் இருந்தால் போதும். கூடினால் ஆபத்து.

அந்த ஓட்டையோடு ஒரு சின்ன மணியைப் பித்தளையில் கடைந்து குழாயின் பக்கவாட்டில் சொருகணும். கடைந்து தர லேத்துக்காரர் ஊரில் இல்லை. "பீங்கான் ஊர்ல இருந்துக்கிட்டு பித்தளைய எதுக்குத் தேடுற?" என்று அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. என்னிடம் ஓட்டையின் அளவைக் கேட்டுக்கொண்டு, கம்பெனியில் அச்சு போடும் காளியப்பனிடம் சொல்லி, அந்த மணியைப் பீங்கானிலேயே செய்து, குட்டிச் சூளையில் சுட்டு எடுத்து வந்தார். வெள்ளை வெளேரென்று முத்து மாதிரி இருந்தது. ட்ரில் பிட் விட்டு ஓட்டையை அளந்திருக்கணும். பூஸ்ட் கேஜ் மாட்டிவிட்டு ஓட்டிப் பார்த்திருக்கணும். ரெண்டையும் செய்யவில்லை. அழகாக இருக்கிறதே என்று அப்படியே மாட்டிவிட்டேன்.

வேப்பூர் ரோட்டில் ஜீப்பு பறந்தது. ஒரு பஸ்ஸை ஓவர்டேக் பண்ணிவிட்டு அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அடுத்த நிமிஷம்தான் அந்த 'டம்'.

நல்லவேளை, டர்போவிலிருந்து காற்று போகும் ஹோஸ்தான் பிய்த்துக்கொண்டிருந்தது. அது பிடித்து நின்றிருந்தால் இன்ஜின் போயிருக்கும். ஊர்ந்துகொண்டே கம்பெனிக்குத் திரும்பி மணியின் ஓட்டையை அளந்தால் ஒன்றரை மில்லிக்குப் பக்கத்தில் இருந்தது.

"நீ எவ்ளோ சொன்ன?" என்று அக்கா கேட்டார்.

சூளையில் வெந்தால் மண் சுருங்கும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒன்று வேண்டிய இடத்தில் ஒன்று புள்ளி ரெண்டு என்று சொல்லியிருந்தேன். அதை ஒப்புக்கொண்டேன். அக்கா முகம் மாறிவிட்டது. நான் சொன்னது வெந்த பிறகு இருக்க வேண்டிய அளவு என்று நினைத்து, சுருக்கத்துக்கு அவர் கொஞ்சம் சேர்த்திருக்கிறார். ரெண்டு பேரும் காளியப்பனைப் பார்த்தோம்.

"சுருங்குமேன்னு நானும் கொஞ்சம் சேத்தேங்க" என்றார் அவர்.

மூணு பேரும் புத்திசாலி. மண் மட்டும் ஒரே ஒரு தடவைதான் சுருங்கியது.

மணியைக் கழற்றிப் போட்டேன். பூஸ்ட் பழைய அளவுக்கே வந்தது, ஹோஸும் மாட்டியாயிற்று. ஆனால் மண் இன்னும் பள்ளத்தில்தான் கிடந்தது. அக்கா வெளியே போய் மேகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அப்புறம், "வண்டி எங்க நிக்குதுன்னாவது ஒரு தடவ வந்து பாரேன்" என்றார். மூணு வருஷமாக அந்த ஜீப்பை சர்வீஸ் செய்தும் ஒரு நாளும் நான் அந்தப் பள்ளத்துக்குப் போனதில்லை.

மறுநாள் காலை போனோம். லோடு ஏற்றியாயிற்று. அக்கா டிரைவர் சீட்டில் ஏறி, கைப்பையை கியர் லிவருக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த சின்ன லிவரில் மாட்டிவிட்டு, ஃபர்ஸ்ட் கியர் போட்டார். பாதி ஏற்றத்தில் வண்டி நின்றது.

"அக்கா, அந்த லிவர எப்பவாச்சும் போட்டிருக்கீங்களா?"

"எது? பை மாட்டுற கம்பியா?"

பையை எடுத்துக் கீழே வைத்தேன். நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் அந்த லிவர் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. ஆயில் விட்டு, ரெண்டு பேரும் மாறி மாறி இழுத்து, ஒருவழியாக ஃபோர் லோ என்ற மெதுவான, பலமான கியரில் விழுந்தது. நாலு சக்கரமும் மண்ணைப் பிடித்தன. ஜீப்பு அலட்டிக்கொள்ளாமல், நடக்கிற வேகத்தில், லோடோடு மேலே போய் நின்றது.

அக்கா இறங்கி வந்தார். "மூணு வருஷமா நீதான சர்வீஸு பண்ற. ஏன் சொல்லல?"

ஒவ்வொரு சர்வீஸுக்கும் அந்தப் பையை எடுத்து வைத்ததும், வேலை முடிந்ததும் பத்திரமாகத் திரும்ப அங்கேயே மாட்டியதும் நான்தான். அது டவுனில் ஓடுகிற வண்டி என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

ரெண்டு நாளில் மண் முழுக்க மேலே வந்தது. மூணாம் நாள் மழை. சூளை முறை தப்பவில்லை, எட்டுப் பெண்களும் வேலையில் இருந்தார்கள்.

அக்கா இந்தக் கதையை யாரிடமும் சொல்லவில்லை. தாமசு பூஸ்ட் ஏத்திக் குடுத்தாரு, வண்டி பறக்குது என்றுதான் ஊர் பூரா சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு கம்மாபுரத்திலிருந்தெல்லாம் ஜீப்பு வருகிறது. இப்போதெல்லாம் நான் முதலில் பானட்டைத் திறப்பதில்லை. வண்டி எங்கே நிற்கிறது, எப்படி ஓட்டுகிறீர்கள் என்று கேட்கிறேன். அப்புறம் சின்ன லிவரைப் போட்டுக் காட்டச் சொல்கிறேன். பாதிப் பேர் அது எங்கே இருக்கிறது என்று குனிந்து தேடுகிறார்கள்.