சட்டைப்பையில் இருந்த கொப்பி

உள்நாட்டுப் போரின் நான்காவது வருடம், ஒரு சனிக்கிழமை பிற்பகல். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. வெள்ளவத்தையில் வாடகை வீடு, நில அளவை அலுவலகம் ஒன்றில் படவரைஞர் வேலை. சனிக்கிழமைகளில் இரத்மலானை விமானத் தளத்துக்குப் போய், அங்கிருந்த ஒரு பறக்கும் கழகத்தில் சிறு விமானம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தேன். போருக்கு முன்பே சேர்ந்தவன் என்பதால் என்னை விலக்காமல் வைத்திருந்தார்கள்.

மனைவிக்கு அது பிடிக்கவேயில்லை. "ஆமிக்காரன்ர தலைக்கு மேலாலதான் பறக்கோணுமோ? கடற்கரையில போய்க் காத்து வாங்கினாப் போதாதோ?" என்பாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஓடுபாதையோரம் எங்கும் மண்மூட்டைக் காவலரண்கள் முளைத்திருந்தன.

அந்த விமானத்துக்கு முன்னால் இரண்டு சில்லு, வாலுக்குக் கீழே சிறியதாக ஒன்று. இந்த வகை நிலத்தைத் தொட்ட பிறகுதான் தொல்லை தரும். பாரம் பின்பக்கம் இருப்பதால், கொஞ்சம் விலகினாலும் வால் முன்னால் வரப் பார்க்கும். ஒரு கைவண்டியைப் பின்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள், புரியும். முழுதாக நிற்கும்வரை இரண்டு கால்களும் திசைதிருப்பும் மிதிகளில் வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும்.

அன்று புறப்படுமுன் வால்சில்லை மூன்று தரம் கையால் திருப்பிப் பார்த்தேன். கழகத்து மெக்கானிக் இடுப்பில் கைவைத்தபடி நின்றார். சிங்களவர். கொட்டாஞ்சேனையில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்ததால் தமிழ் சரளமாக வரும்.

"இருக்கிறது மூணு சில்லு சேர். நீங்க எத்தன தரம் எண்ணினாலும் மூணுதான்."

"இறுகிக் கிடந்தால்?"

"நான் பூட்டினது இறுகாது. அதையும் அந்தக் கொப்பியில எழுதுங்க."

எதையும் எண்ணிக் குறித்து வைக்காவிட்டால் எனக்கு நித்திரை வராது. சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்னக் கொப்பி இருக்கும். ஒவ்வொரு தரையிறக்கத்திலும் சில்லு தொட்ட நேரம், எந்த இடத்தில் தொட்டது என்பது, எல்லாம் அதில் உண்டு. இடத்தைக் குறிக்க அடையாளம் வேண்டுமே. காவலரண்களுக்கு இலக்கமிட்டு, அளவு பிசகாமல் ஒரு வரைபடமும் போட்டு வைத்திருந்தேன். என் முட்டாள்தனம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அது என் முப்பத்தேழாவது தரையிறக்கம், தனியாக ஒன்பதாவது. கடற்பக்கமிருந்து காற்று வீசியது. மூன்று சில்லும் ஒன்றாகத் தொட்டன. மனம் குளிர்ந்துபோய், நேரம் குறிக்க வேண்டுமென்று கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு செக்கன்தான் இருக்கும். நிமிர்ந்தபோது விமானத்தின் மூக்கு இடப்பக்கம் திரும்பியிருந்தது. வலதுகாலை மிதித்தேன், பிந்திவிட்டது. விமானம் புல்லுக்குள் இறங்கி, ஒரு காவலரணை நோக்கிப் பாய்ந்தது. சிப்பாய் ஒருவன் துப்பாக்கியைத் தூக்குவது தெரிந்தது. வால் ஒரேயடியாகச் சுழன்று வர, செட்டை நுனி மண்ணைக் கிழித்தது. அரணுக்கு இருபது யார் தூரத்தில் விமானம் நின்றது.

கையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அதற்குள் மெக்கானிக் இரண்டு கைகளையும் விரித்தபடி எனக்கும் துப்பாக்கிக்கும் நடுவே ஓடி வந்தார். "வெடி தியன்ன எப்பா! அபே மஹத்தயா!" சுடவேண்டாம், எங்கள் ஐயா என்று கத்திக்கொண்டே வந்தார்.

அதிகாரி ஒருவர் வந்தார். அடையாள அட்டையை வாங்கிப் பெயரைப் பார்த்தார், பிறந்த இடத்தைப் பார்த்தார், பிறகு அரணைப் பார்த்தார். ஏன் எங்கள் பக்கம் திருப்பினாய் என்று சிங்களத்தில் கேட்டார். மணி பார்த்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பைகளைக் காலிசெய் என்றார். வலப்பக்கக் காற்சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினேன். அடுத்தது சட்டைப்பை. அந்த வரைபடத்தைக் கண்டால் என் கதை அத்தோடு முடிந்தது.

நான் கொப்பியில் அரண்களைக் குறிப்பதைக் கண்டிருந்த மெக்கானிக், என் சட்டைப்பையை ஒரு தரம் பார்த்தார். உடனே அதிகாரியிடம் திரும்பி, பிழை தன்னுடையது என்றார். வால்சில்லு இறுகியிருந்ததாம், காலையில் கவனிக்காமல் விட்டுவிட்டாராம், இந்த ஐயா என்ன செய்வார் என்றார். நான் வாயைத் திறக்கப் போனேன்.

"பேச வாணாம் சேர்," என்று தமிழில் தாழ்ந்த குரலில் சொன்னார்.

அதிகாரியின் கோபமெல்லாம் அவர்மேல் திரும்பியது. எல்லோர் முன்னிலையிலும் அவரை ஏசித் தீர்த்துவிட்டு, அட்டையை என் கையில் திணித்துப் போகச் சொன்னார். நான் போனேன். அவரை அங்கே விட்டுவிட்டுப் போனேன். வீட்டுக்கு வந்ததும் குசினி அடுப்பில் கொப்பியை எரித்தேன்.

அடுத்த சனிக்கிழமை போனபோது அவர் விமானக் கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஒரு மாதத்துக்கு விமானங்களில் கைவைக்கக் கூடாதென்று கழகத்தில் தடை போட்டிருந்தார்கள். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நீங்கள் ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்றேன்.

"எனக்கு ஒரு மாசம் விளக்குமாறு. உங்கள கொண்டுபோனா எத்தன மாசம் எண்டு யார் சொல்றது?" என்றவர், சிரித்தார். "ஆனா ஒண்டு சேர், அந்தச் சில்லு இறுகல்ல."

"ஓம். எனக்குத் தெரியும்."

அங்கிருந்து நேரே தலைமைப் பயிற்சியாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். புல்லில் இருந்த தடத்தைப் பார்த்தபோதே பிழை என்னுடையதென்று தனக்குத் தெரியும் என்றும், நானாக வந்து சொல்வேனா என்று காத்திருந்ததாகவும் சொன்னார். திங்கட்கிழமை மெக்கானிக் தன் வேலைக்குத் திரும்பினார். தனியாகப் பறக்கும் அனுமதி எனக்கு இல்லாமற் போனது. அது சரியான தண்டனைதான்.

தன் கைவேலையின் பெயரைத் தவிர வேறு பெருமை இல்லாத ஒரு மனிதர், அன்று புறப்படுமுன் அதே வேலையைச் சந்தேகித்த எனக்காக, அந்தப் பெயரை எல்லோர் முன்னாலும் கெடுத்துக்கொண்டார். அந்த வருடங்களில் எங்களுக்கு நடந்தவற்றை நான் மறக்கவில்லை. ஆனாலும் யாராவது "அவங்கள் எல்லாரும் இப்படித்தான்" என்று கதைக்கத் தொடங்கினால், கைகளை விரித்துக்கொண்டு ஓடிவந்த அந்த மனிதர் நினைவுக்கு வருகிறார், ஓம் என்று தலையாட்ட இன்றுவரை என்னால் முடிவதில்லை.