அவிழ்க்காத காப்பு

எங்கள் வீட்டில் மீன் குழம்பு நின்றுபோன அந்த ஆடி மாதத்தை நினைத்தால் இப்போதும் முதலில் எரிச்சல்தான் வருகிறது. காசிமேட்டில், விசைப்படகில் போகிறவர் வீட்டில், தினமும் கத்திரிக்காய்!

அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு அப்பாவும் காப்புக் கட்டியிருந்தார். மணிக்கட்டில் அந்த மஞ்சள் கயிறு இருக்கும்வரை குடிக்கக் கூடாது, வீட்டில் கவிச்சி கூடாது. குடித்துவிட்டுத் தெருவில் கிடந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிக் கொடுத்து, உடம்பு தேறும்வரை கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லி, கயிறும் கட்டவைத்தவர்கள் கோயில்காரர்கள்தான். கூழ் ஊற்றி முடிந்ததும் மற்றவர்கள் காப்பையெல்லாம் அவிழ்த்துக் கடலில் விட்டார்கள். அப்பா கையை நீட்டியபோது மட்டும் கோயில் தலைவர், நாளைக்குப் பார்க்கலாம் என்று நகர்ந்துவிட்டார். மறுநாளும் அதையேதான் சொன்னார்.

சாயங்காலம் ஆனால் அப்பாவுக்கு இருப்புக்கொள்ளாது. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பார். சட்டையை மாட்டுவார், கழற்றுவார். அம்மா தெருவையே பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்து வீட்டில் வஞ்சிரம் வறுபடும் வாசனையில் எனக்கும் ஓரிடத்தில் உட்கார முடியாது. அதற்குள் கோயில் ஆள் யாராவது வந்து, அண்டா கழுவ வேண்டும் என்று அவரை இழுத்துப் போய்விடுவார். கழுவின அண்டாவையே எத்தனை முறைதான் கழுவுவார்களோ!

ஒருநாள் யாரும் வரவில்லை. அப்பா விறுவிறுவென்று கோயிலுக்கு நடந்தார். அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். தலைவர் முன்னால் அப்பா கையை நீட்டினார்.

"அவுத்து வுட்ரு தலைவரே. என்னால முடில."

தலைவர் தன் முழுக்கைச் சட்டையைச் சுருட்டிக் காட்டினார். அவர் கையிலும் மஞ்சள் கயிறு.

"எனுக்கும்தான் கீது நைனா. நாளைக்கு ரெண்டு பேரும் சேந்து அவுப்போம். இன்னிக்கு உக்காரு."

அப்பா தரையில் உட்கார்ந்து அழுதார். தலைவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஒரு கயிற்றை அவிழ்க்க இவ்வளவு பெரிய ஆட்கள் இப்படித் திண்டாடுகிறார்களே என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேராக அம்மன் முன்னால் போய் நின்று, அப்பாவின் காப்பு இன்றைக்கே அறுந்து விழ வேண்டும் தாயே என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வேண்டினேன்.

பக்கத்தில் அம்மாவும் கண்ணை மூடி நின்றிருந்தாள். இரண்டு பேரும் ஒன்றையேதான் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.