வெள்ளிக்கிழமைச் செபமாலை

பாம்பனில் குடியிருந்தபோது எங்கள் வீட்டுச் செபமாலையை நான்தான் நடத்துவேன். தாலுகா அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன். எந்தக் கிழமைக்கு எந்தத் தேவ இரகசியம், அதாவது இயேசு வாழ்வின் எந்தப் பகுதியைத் தியானிக்க வேண்டும் என்பதில் பிசகமாட்டேன். பத்து வயது மகளோ செபமாலையின் மணிகள் பாதி உருளுமுன் தூங்கிவிடுவாள். அவளே பக்கத்து மீனவர் வீட்டுச் செபத்தில் கடைசிவரை விழித்திருக்கிறாள் என்று மனைவி சொன்னதும் எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பொழுது சாய, அவளை அழைத்துவரப் போய் வேலியோரம் நின்றேன். பிள்ளைகளை வலைக் குவியலில் உட்காரவைத்து, அந்த மனிதர் மகிமை தேவ இரகசியம் சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்கு உரியது துக்க தேவ இரகசியம். பிழை கையில் சிக்கிய சந்தோஷத்தில் படலைத் திறக்கப் போனேன்.

அதற்குள் அவர் செபத்தை முடித்துவிட்டு, "போதும்த்தா, ஒங்க அய்யா தேடப் போறாக," என்றார்.

"அவுக வாரதுக்குள்ள இன்னும் பத்து அருள்நிறை மரியே சொல்லிருவோம், மாமா," என்றாள் என் மகள்.

என்னிடம் அவள் ஒன்றுகூட அதிகம் கேட்டதில்லை. படலைத் தொடாமல் திரும்பினேன். அன்று ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை முழுவதையும் மனைவியும் நானும் மட்டும் சொல்லி முடித்தோம். முறையில் ஒரு பிழையும் இல்லை.