மூலை பிஸ்கட்

“மாஸ்டர், இதுல எது எங்க வூட்டுது?”

கவுண்டரில் நின்று சரோஜாம்மா கேட்டபோது நான் மூலை பிஸ்கட்டைத்தான் தேடினேன். எதிரே இரண்டு ட்ரே. இரண்டிலும் முந்திரியும் பேரீச்சையும் உலர் திராட்சையும் போட்ட பிஸ்கட். ஒன்றில் முட்டை உண்டு, மற்றதில் இல்லை.

கடலூரில் எங்கள் பேக்கரியில் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு வழக்கம். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் மாவு பிசைந்து தூக்குவாளியில் கொண்டுவருவார்கள். நாங்கள் ஓவனில் சுட்டுக் கொடுப்போம். பெண்களிடம் பேர் கேட்க எனக்குக் கூச்சம். சீட்டு எழுதி வைத்தாலும் ஓவன் சூட்டில் கருகிவிடும். அதனால் ஒவ்வொரு ட்ரேயிலும் மூலை பிஸ்கட்டின் மேல் ஓர் அடையாளம் வைப்பேன். அன்று பிலோமினா அக்காவுக்கு முழு முந்திரி ஒன்று, சரோஜாம்மாவுக்குத் திராட்சை இரண்டு.

இப்போது இரண்டு மூலையும் காலி. பக்கத்தில் முதலாளி எதையோ மென்றுகொண்டிருந்தார். எல்லாரையும் மச்சான் என்று கூப்பிடும் மனிதர்.

“மொதலாளி, மூலையில இருந்தது?”

“வெந்துச்சான்னு பாத்தேன் மச்சான். அது ரெண்டுதான் பாக்க அழகா இருந்திச்சி.”

“முந்திரி வச்சது எந்த ட்ரேல?”

“அத யாரு பாத்தா? ரெண்டுமே நல்லாதான் இருந்திச்சி.”

சரோஜாம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. “சாயங்காலம் சிதம்பரம் போறேன் மாஸ்டர். எங்க சம்பந்தியம்மா முட்டையத் தொடவே மாட்டாங்க. அவுங்களே வாயத் தொறந்து கேட்டது இதான் மொத தடவ. மாறிப் போச்சின்னா எம்பொண்ணுதான் பேச்சு வாங்கணும்.”

நிறத்தைப் பார்த்து என்னால் ஊகிக்க முடியும். ஆனால் அவர் மகளின் நிம்மதியை ஊகத்தில் விட மனம் வரவில்லை. சரோஜாம்மாவும் முட்டை தின்பதில்லை; இரண்டையும் தின்று பார்க்கக்கூடியவர் முட்டை போட்டுப் பிசைந்த பிலோமினா அக்காதான். அவர் வரிசை நடுவில் நின்றிருந்தார். அத்தனை பேர் முன்னால் நான் வாய் திறந்ததே இல்லை.

“அக்கா, ரெண்டையும் கொஞ்சம் தின்னு சொல்லுங்க.”

“சத்தமா சொல்லு மாஸ்டர்! பாவசங்கீர்த்தனமா பண்ற, சாமியார் காதுல சொல்ற மாதிரி?”

வரிசையே சிரித்தது. நான் மறுபடி, சத்தமாகச் சொன்னேன்.

அக்கா முதல் ட்ரேயில் ஒன்று எடுத்தார். மென்றார். அதே ட்ரேயில் இன்னொன்றும் எடுத்தார்.

“இது எங்க வூட்டுது இல்ல.”

“நிச்சயமாத் தெரியுமாக்கா?”

“இவ்ளோ நல்லா நான் என்னிக்கிச் செஞ்சிருக்கேன்?”

அடுத்த ட்ரேயில் கடித்ததும் தலையாட்டினார். “ஆங், இதான். கிராம்பு ஜாஸ்தி. எங்க வூட்டுக்காரரு வருஷா வருஷம் திட்டுற அதே கிராம்பு.”

“நான் கிராம்பே போடல!” என்றார் சரோஜாம்மா. அவர் முகம் தெளிந்தது. இரண்டு பேரும் அங்கேயே நின்று பக்குவம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வரிசை நகரவில்லை.

பண்டிகை முடிந்து சரோஜாம்மா கடைக்கு வந்தார். சம்பந்தியம்மா டப்பாவைக் காலி செய்து திருப்பிக் கொடுத்தாராம், பொங்கலுக்கும் வேண்டும் என்று.

இந்த வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். மாவு வாங்கும்போதே பேரைக் கேட்டுவிடுங்கள், கூச்சம் ஒரு நொடிதான். அடையாளம் வைப்பதென்றால் முதலாளி தின்ன முடியாத பொருளில் வையுங்கள். நான் இப்போது ட்ரே விளிம்பில் எண் போட்ட தகரம் கட்டுகிறேன்.

அடுத்த வருஷம் பிலோமினா அக்கா தூக்கோடு வந்தபோது, நானே முன்னால் போய்ப் பேர் கேட்டேன்.

“பிலோமினா. நல்லா எழுதிக்க” என்றார் ஊருக்கே கேட்கும்படி. பிறகு குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “இந்த வருஷம் சரோஜாம்மாவுதோட மாறிப் போச்சின்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் மாஸ்டர்.”