ஆயர் ஈத்தாம் வரைக்கும் ஓடுற பேட்டரி

பெட்ரோல் காடியில, அதாவது கார்ல, எஞ்சினைக் கழட்டிட்டு அந்த இடத்துல கரண்டு மோட்டாரை உட்கார வைக்கிறோமே, அது பாதி மெக்கானிக் ஃபோர்மேன் வேலை, மீதி பழைய இரும்புக் கடையில நாயா அலையிற வேலை. கம்மிக் காசுல கரண்டு காடி ஓட்ட ஆசைப்பட்டு அவஸ்தைப்பட்டவங்களா நீங்க? அப்ப நீங்களும் நம்ம ஆளுதான், வாங்க.

கூலாயில எனக்கு ஒரு சின்ன பெங்கெல், அதாங்க, காடி ரிப்பேர் கடை. வீட்டுல நான் மட்டும். ஒரே மக கவிதா, ஒரு மணி நேர ஓட்டத்துல இருக்கிற ஆயர் ஈத்தாம்ல குடும்பம் நடத்துறா. என்னைக் கேட்காம கல்யாணம் முடிச்சுட்டான்னு மூணு வருஷமா நான் பேசல. கோபமெல்லாம் முதல் வருஷத்தோட போயிடுச்சுங்க. அப்புறம் வெறும் ஏக்கம்தான்.

கேட் திறக்கல

மாசாய் ஊர்ல இருக்கிற முனியாண்டி அண்ணன் ஆசை ஆசையா என்கிட்ட காடியைக் கரண்டுக்கு மாத்திக்கிட்டுப் போனாரு. ரெண்டே நாள்ல மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து நின்னாரு. மோட்டார் எரிஞ்சுடுச்சோன்னு ஓடிப்போய் பானெட்டைத் திறந்தேன். பார்த்தா, பிரச்சனை வீட்டு கேட்டுலயாம். வேலை முடிஞ்சு வரும்போது முனையில எஞ்சின் சத்தம் கேட்டாலே அவர் சம்சாரம் வந்து திறந்து வச்சுடுவாங்களாம். இப்ப சத்தமே இல்லாததால மனுஷன் மழையில இறங்கி அவரே திறக்கிறாரு.

ஹார்ன் அடிங்கண்ணேன்னு சொன்னேன். தலையை ஆட்டிக்கிட்டே சொன்னாரு: "காடி நல்லாத்தான் ஓடுது தம்பி. ஆனா இத்தனை வருஷமா அவ காதை ரோட்டுலயே வச்சிருந்திருக்கான்னு இப்பத்தான்டா தெரியுது."

எட்டு பேட்டரி

அதுக்கப்புறம் என் சொந்தக் காடியிலயே கை வச்சேன். பாசிர் கூடாங் ஃபேக்டரி ஒண்ணு தூக்கிப் போட்ட ஃபோர்க்லிஃப்ட் மோட்டார், கழிச்சுப் போட்ட ஹைப்ரிட் காடிங்கள்லருந்து உருவின எட்டு பேட்டரி. என் வசதிக்கு அவ்வளவுதான். வயரிங் பண்ண அஸ்லான் வந்தான். மலாய்க்காரன்தான், ஆனா எங்ககூட எஸ்டேட் தோட்டத்துல வளர்ந்தவன், தமிழ் தண்ணியா வரும்.

அவனுக்கு என் கதை முழுக்கத் தெரியும். பெட்ரோல்ல ஓடின காலத்துல அதே காடியில நான் நாலு தடவை ஆயர் ஈத்தாம் போயி, மக வீட்டு வாசல்ல இறங்கத் தைரியம் இல்லாம அப்படியே திரும்பி வந்த கோழைத்தனமும் தெரியும். மீட்டரை வச்சு அளந்து பார்த்துட்டுச் சிரிச்சான். "அலமாக்! இந்த பேட்டரிக்கு ஆயர் ஈத்தாம் போலாம், திரும்பி வர முடியாது. அங்க யார் வீட்டுலயாவது பிளக் கேட்டுத்தான் ஆகணும் லா."

எலுமிச்சம்பழம்

சோதனை முடிஞ்சு, காடி ரோட்டுல ஓடலாம்னு அனுமதியும் கிடைச்சுது. கோயில்ல பூசை போட்டோம். நாலு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம். ஐயர் ஸ்டார்ட் பண்ணச் சொன்னாரு. பண்ணினேன். "ஸ்டார்ட் ஆகலையே"ன்னாரு. ஆயிடுச்சு சாமின்னு ரெண்டு தடவை சொல்லியும் நம்பல. சரி, காட்டிடுவோம்னு எண்ணெய் மிதிச்சேன், அதாங்க, ஆக்சிலரேட்டரை. சத்தம் வரலையேன்னு மிதிச்சுப் பார்க்காதீங்கன்னு நூறு காடிக்காரங்களுக்குச் சொன்ன வாய் இது!

காடி ஒரே துள்ளு துள்ளி, பழம் நாலும் நசுங்கி, சாறு ஐயர் வேட்டியெல்லாம் தெறிச்சுது. தட்டோட ஓரமா ஒதுங்கி நின்னுக்கிட்டு அவர் கேட்டாரு: "இன்னும் கற்பூரமே காட்டலையேப்பா, எங்க போறதுக்கு இவ்வளவு அவசரம்?"

ஆறு மணி நேரம்

எங்கேன்னு உங்களுக்குத் தெரியும். மறுநாள் காலையில பழைய ரோட்டுல, லாரிக்காரன் எல்லாம் திட்டத் திட்ட மெதுவா ஓட்டிக்கிட்டுப் போனேன். மக வீட்டுக்கு முன்னால நின்னப்ப மீட்டர் கடைசிக் கோட்டுல இருந்துச்சு. திரும்ப நினைச்சாலும் முடியாது. கவிதா துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தா. சத்தமே இல்லாததால நான் வந்தது தெரியல. "அம்மாடி"ன்னேன். திரும்பிப் பார்த்தா. வழியெல்லாம் மனப்பாடம் பண்ணின மன்னிப்பு ஒரு வார்த்தைகூட வரல. "சார்ஜ் போடணும்மா"ன்னுதான் வந்துச்சு.

"எவ்வளவு நேரமாகும்?"னு கேட்டா. ஆறு மணி நேரம்னேன். கையில இருந்த துணியைக் கொடியில போட்டுட்டு உள்ள போயிட்டா. அவ்வளவுதான், போச்சுன்னு நினைச்சு கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். கையில நீள வயரோட வந்தா. கண்ணு ரெண்டும் சிவந்திருந்துச்சு. "ஆறு மணி நேரம் உட்கார்றதுக்கு மூணு வருஷம் ஆச்சாப்பா உங்களுக்கு?"

இப்பல்லாம் யாராவது பெரிய பேட்டரி வேணும்னு வந்தா, சின்னதே போதும்னு சொல்லி என் வியாபாரத்தை நானே கெடுத்துக்கிட்டு இருக்கேன்.