வாசலில் கழற்றிய சப்பாத்து

என் மனைவி சாரதாதேவிக்கு ரோசம் வந்தால் சண்டை பிடிக்க மாட்டாள். வேலையில் இறங்கிவிடுவாள். சண்டையென்றால் நான் எப்படியும் சமாளித்துவிடுவேன்.

2014 மார்கழியில், எங்கள் மகள் லக்ஷனா கட்டப்போகும் எரிக்கின் தகப்பன் மார்செலும் தாய் ரோசாலியும் லா சப்பலில் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாகச் சாப்பிட வந்தார்கள். சாரதா தானே பின்னிய கம்பளிக் காலுறை போட்டிருந்தாள். கயிறு முறுக்கியது போல மேலெழும்பிய வேலைப்பாடு. அம்மா பின்னியது என்று லக்ஷனா சொன்னாள். மார்செல் சிரித்தார். வெயில் நாட்டுக்காரருக்குக் கம்பளி எங்கே தெரியும், கடையில் வாங்கியிருப்பீர்கள் என்றார்.

பதினொரு வருடம் பிரெஞ்சுக்காரரின் கந்தோர்களில் துப்புரவு வேலை செய்தவளுக்கு அந்தப் பிரெஞ்சு நன்றாகவே விளங்கியது. அவர்கள் கோப்பி குடிக்கும்போது வாசலுக்குப் போய், மார்செல் கழற்றி வைத்த சப்பாத்தை நூலால் அளந்தாள். நான் பார்த்தும் பாராதது போல இருந்தேன்.

தை மாதம் நிச்சயதார்த்தம். அதற்குள் அவருக்கும் ஒரு சோடி பின்னி, அந்த மனிதர் காலிலேயே பதில் சொல்ல வேண்டும் அவளுக்கு. பின்னல் ஊசியில் ஏற்றிய நாலு நூல் கண்ணில் இரண்டைத் தனி ஊசியில் எடுத்து முன்னால் விட்டு, மற்ற இரண்டையும் முதலில் பின்ன வேண்டுமாம். அப்போதுதான் முறுக்கு விழும். விடிய வேலைக்குப் போகும் மெத்ரோ ரயிலிலும் பின்னினாள்.

ஒரு காலுறை முடிந்ததும் லக்ஷனா தூக்கிப் பார்த்தாள். இவ்வளவு பெரிய காலா என்று சந்தேகப்பட்டு எரிக்குக்குப் போன் எடுத்தாள். தகப்பனின் அளவு நாற்பத்தொன்றாம். அன்று போட்டு வந்தது பனிக்காலச் சப்பாத்து, தடித்த காலுறைக்கென்று இரண்டு அளவு பெரிதாக வாங்கியது.

"கேட்டிருந்தா ஒரு நிமிச வேலையப்பா," என்றேன்.

"சம்பந்தியின்ரை கால் அளவைக் கேக்கிறதோ? நல்லாயிருக்கு கதை."

"அப்ப விடும். இதையே குடுப்பம்."

"குடுத்தா, நான் அப்பவே சொன்னனான் எண்டு சிரிப்பார்."

இழுத்தாள் நூலை. மூன்று கிழமை வேலை மடியில் குவிந்தது. நிச்சயதார்த்தத்துக்குப் பதின்மூன்று நாள்தான் இருந்தது. அன்றே திரும்ப ஊசியில் கண் ஏற்றினாள். பதின்மூன்று நாளும் சமையல் என் தலையில். ஒருநாள் புட்டு கல்லாகிப் போனது. அவள் குறை சொல்லாமல் சாப்பிட்டாள். அப்போதே தெரிந்துகொண்டேன், இவள் முடிப்பாள் என்று.

நிச்சயதார்த்தத்தன்று பழத்தட்டத்தின் மேல் காலுறைச் சோடியை வைக்கச் சொன்னாள்.

"காலிலை போடுறதைத் தட்டத்திலை வைக்கிறதோ?"

"இன்னும் ஒருத்தற்றை காலும் படேல்லை. வையுங்கோ."

வைத்தேன்.

மார்செல் காலுறையின் உள்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு போட்டுக்கொண்டு எல்லார் முன்னாலும் நடந்தார். அளவு அச்சொட்டு. "அன்று நான் சொன்னது பிழை, மதாம்," என்று பிரெஞ்சில் சொன்னார். சப்பாத்து அளந்த கதையை லக்ஷனா போட்டுடைத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். இவள் என் பெண்சாதி என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, பொய் சொல்லவில்லை.

அடுத்த குளிருக்கு அவர்கள் வந்தபோது ரோசாலி வாசலில் வெகுநேரம் நின்று சப்பாத்துக் கழற்றினார். சாப்பிட்ட பின், வாசலை ஒதுக்கப் போன சாரதா ஒரு துண்டுக் கடதாசியோடு வந்தாள். ரோசாலியின் சப்பாத்துக்குள் இருந்ததாம். பெரிய எழுத்தில் 38 என்று மட்டும் எழுதியிருந்தது.

கோப்பி ஆறுவதற்குள் ரோசாலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண் ஏற்றத் தொடங்கிவிட்டாள்.