கலவை அறைக்குப் போகும் ஒயர்

செங் தொழிற்பேட்டையில் கையுறை செய்யும் அந்தத் தொழிற்சாலையில், வியர்க்காமல் சம்பளம் வாங்கும் ஒரே தமிழச்சி என்று கமலவேணியைத்தான் சொல்வார்கள். கம்ப்யூட்டர் அறையில் ஏர்கோன் ஓடியதால் வந்த பேர். சிம்பாங் அம்பாட் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்வாளி தூக்கிய கை அது. ஐந்தாம் படிவத்தோடு, பதினேழு வயதில், படிப்பு நின்றது. மீதியைத் தானே தோண்டித் தோண்டிக் கற்றாள். பதினொரு வருடம் லைனில் நின்று அச்சிலிருந்து கையுறை உருவியவளை மேனேஜர் கம்ப்யூட்டர் அறைச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்த அன்று, யாரும் பார்க்காத நேரத்தில் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

தொண்ணூற்றெட்டாம் வருடம், ஆயுத பூஜை அன்று மதியம், நிரல் விற்ற கம்பெனியிலிருந்து அந்த மின்னஞ்சல் வந்தது. உலகத்தில் பாதி நிரல்கள், வெளியிலிருந்து வரும் கடிதத்தைப் பிரித்துப் படிக்க ஒரே பொது நிரல்துண்டை உள்ளே வைத்திருந்தன. லைப்ரரி என்பார்கள். அதில் ஓட்டை. அளவுக்கு மீறி நீளமாக ஒரு வரி அனுப்பினால் போதும்; அனுப்பியவன் உள்ளே வந்து வீட்டுக்காரன் ஆகிவிடுவான். திருத்திய துண்டையும் கூடவே அனுப்பியிருந்தார்கள். ஆனால் ஒரே மசாலாவைப் பத்துச் சட்டியில் போட்டாயிற்று. ஒவ்வொரு சட்டியாகத் திறந்துதான் மாற்ற வேண்டும்.

ஒன்றை விட்டாலும் உன் வேலை போய்விடும் என்றார் மேனேஜர். சிரிக்காமல்தான் சொன்னார்.

தொழிற்சாலையின் பத்துக் கம்ப்யூட்டரில் நான்கு மணிக்குள் ஒன்பதை முடித்தாள். பத்தாவது கலவை அறையில் இருந்தது. அங்கே ரப்பர் பாலில் மருந்து கலக்குகிறவர் இருளாண்டி. ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தார். கண்ணாடி வழியே பார்த்தாள். கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், தலையில் ஒரு எலுமிச்சம்பழம். திரையில் சரஸ்வதி படம் பளபளத்தது.

"மாமா, தொறங்க. பத்து நிமிஷ வேல."

"பூச போட்டாச்சும்மா. இனி நாளைக்குத்தான் தொடணும். சாமிய காச்சாவ் பண்ணாத."

"சாமிய தொந்தரவு பண்ணல மாமா. கம்ப்யூட்டரத்தான்."

"இன்னைக்கு ரெண்டும் ஒண்ணுதான் லா."

"அப்ப ஆஃப் பண்ணவாச்சும் விடுங்க."

"சரஸ்வதி மொகத்துல வெளிச்சத்த அணைக்கச் சொல்றியா? அவ குடுத்த படிப்புலதான நீ ஏர்கோன்ல உக்காந்திருக்க? ஒரு ராத்திரில என்னா ஆயிடப் போவுது?"

அன்று காலையில் தன் கீபோர்டுக்குப் பொட்டு வைத்தவளும் கமலவேணிதான். கதவை விட்டு நகர்ந்தாள். மேனேஜரிடம் போய், எல்லாம் முடிந்தது என்றாள். நாளைக் காலையில் முதல் வேலையாக முடித்துவிட்டால் அது பொய் ஆகாது என்று மனசுக்குள் ஒரு கணக்கு.

மறுநாள் காலை ஏழு மணிக்கு இருளாண்டி தலைக்குக் குளித்து, பூஜைத் தட்டோடு வந்து கதவைத் திறந்தார். திரையில் சரஸ்வதி இல்லை. கறுப்பாக இருந்தது. இரவே எவனோ அந்த வழியாக நுழைந்து, உள்ளேயே நடந்து, எல்லாக் குறிப்புகளும் சேமித்திருந்த பெரிய கம்ப்யூட்டருக்கும் போயிருந்தான். எட்டு வருடத்துக் கலவைக் குறிப்புகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மருந்தின் அளவு தெரியாமல் லைன்கள் நின்றன. நூற்றிருபது பெண்கள் கேன்டீனில் சும்மா உட்கார்ந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் கமலவேணியின் கண்ணில் பட்டது. அந்த அறைக் கம்ப்யூட்டரை மற்றவற்றோடு இணைக்கும் ஒயரின் பிளக், வெளியே நடைபாதைச் சுவரில், முழங்கால் உயரத்தில். நேற்று அதன் பக்கத்தில் நின்றுதான் வாதாடினாள். அதைப் பிடுங்கியிருந்தால் எவனும் நுழைந்திருக்க முடியாது; திரையும் அணையாது, சாமியையும் தொட்டிருக்க வேண்டாம், சாவியும் வேண்டாம்.

ஏன் அந்த ஒன்று மட்டும் விட்டுப்போனது என்று மேனேஜர் கேட்டார். வாசலில் இருளாண்டி நின்றார். கமலவேணி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"சாயா லுப்பா," என்றாள். மலாயில், மறந்துவிட்டேன் என்று.

மூன்றாம் நாள் வேலைநீக்கக் கடிதம் வந்தது. நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டு வெளியே வந்தாள். பஸ் நிறுத்தத்தில் இருளாண்டி பூஜைப் பொரிகடலைப் பொட்டலத்தோடு நின்றிருந்தார்.

"எல்லாருக்கும் குடுத்துட்டேன். உனக்குத்தான் குடுக்கல." சாலையையே பார்த்தார். "ஏம்மா என் பேரச் சொல்லல?"

"சொன்னா சாமிக்கும் லெட்டர் குடுத்துருவாங்களே மாமா."

அவர் சிரிக்கவில்லை; பொட்டலத்தை நீட்டினார். சிம்பாங் அம்பாட் பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள். பொரி நமுத்துப்போயிருந்தது. இறங்கும்வரை ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தாள்.